படிவம் எண் முப்பத்தேழு

ஜனவரி 6, திங்கள்

பொங்கல் விடுமுறைக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. அதற்குள் பரீட்சை மாதிரி ஒன்றை வைத்துவிட்டார்கள். மகப்பேறு பாடம் எடுக்கும் ஜெயசீலி மேடம் ஏதோ ஆராய்ச்சி செய்கிறாராம். நான்காம் வருட நர்சிங் மாணவிகளுக்குக் கருத்தரிப்பைப் பற்றி எவ்வளவு தெரியும் என்று பார்க்க இருபது கேள்விகள். பெயர் எழுத வேண்டாம், எண் மட்டும் போதும் என்றார். என் கைக்கு வந்தது படிவம் எண் 37.

வகுப்பில் ஒரே சிரிப்பு. அறுபது பேரில் பாதிப் பேர் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு எழுதினார்கள். பிரசவ வார்டில் ரத்தத்தோடு ரத்தமாக நிற்கிறவளுகளுக்கு ‘தாம்பத்தியம்’ என்ற சொல்லைப் பார்த்தால் வெட்கம் வருகிறதாம். நான் பத்தே நிமிடத்தில் முடித்து முதல் ஆளாக நீட்டினேன். ‘முப்பத்தாறு நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு வரும் பெண்ணுக்குக் கருமுட்டை வெளிவர அதிக வாய்ப்புள்ள நாள் எது?’ இது பதினோராவது கேள்வி. இதெல்லாம் ஒரு கேள்வியா? பதினாலாம் நாள். முதல் வருடத்தில் படம் வரைந்து, கலர் அடித்து, ‘நன்று’ வாங்கிய பாடம்.

கடைசிக் கேள்வியில், இதுபற்றி யாருக்காவது ஆலோசனை சொன்னதுண்டா என்று கேட்டிருந்தார்கள். ‘உண்டு. என் அக்காவுக்கு இரண்டு வருடமாக நான்தான் நாள் குறித்துக் கொடுக்கிறேன்’ என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.

சாயங்காலம் அம்மா போன். ரேணுகா அக்காவின் மாமியார் பாவாயி அத்தை சொல்லி அனுப்பியிருக்கிறார். தைப்பூசம் முடிந்ததும் இரண்டு வீட்டு ஆட்களும் உட்கார்ந்து பேசி முடித்துக்கொள்ளலாமாம். கல்யாணமாகி நாலு வருடம், வயிற்றில் ஒரு புழு பூச்சி இல்லை, உங்கள் பெண்ணை நீங்களே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்பதுதான் அந்தப் பேச்சு. அம்மா அழுதுகொண்டே சொன்னாள். நான் ஒன்றும் ஆகாது என்றேன். எங்கள் வீட்டில் படித்தவள் நான் ஒருத்திதானே, நான் சொன்னால் அம்மா நம்பிவிடுவாள்.

ஜனவரி 8, புதன்

மத்தியானம் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது அக்கா கூப்பிட்டாள்.

“கோகி, தலைக்கு ஊத்திக்கிட்டேன்டி.”

வேறு ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு வரிக்கு அர்த்தம் எங்கள் இருவருக்கும் தெரியும். போன மாதவிலக்கு டிசம்பர் 3. இருபத்தெட்டு நாளைத் தாண்டி எட்டு நாள் ஆகியிருந்தது. இந்த எட்டு நாளும் நான் தினம் மூன்று மெசேஜ் போட்டேன். கர்ப்பம் பார்க்கும் கிட் வாங்கிப் பார் என்று நச்சரித்தேன். அவள் மெடிக்கல் கடைக்காரன் முகத்தைப் பார்க்காமல் வாங்கி வந்து பார்த்து, ஒற்றைக் கோடு என்று அனுப்பினாள். நாளைக்கு மறுபடி பார் என்றேன். ஒவ்வொரு மாதமும் இதே கூத்துதான். ஆசை காட்டி ஏமாற்றுகிற உடம்பு அவளுக்கு.

“உடுக்கா, அடுத்த மாசம் பாத்துக்கலாம்” என்று சொல்லி, அங்கேயே விரல்விட்டு எண்ணினேன். 13, 14, 15ஆம் நாட்கள். ஜனவரி 20, 21, 22.

“செரி, அவுருகிட்டச் சொல்லிப்போடறேன். பொங்கலுக்கு வரலாம்னு இருந்தாரு. அப்ப வந்தா இருவதுக்கு லீவு குடுக்க மாட்டாங்களாமா.”

“அப்ப பொங்கலுக்கு வரவேண்டாம்னு சொல்லு. இருவதுதான் முக்கியம்.”

அக்கா வீட்டுக்காரர் செங்கோட்டுவேல் மாமா போர்வெல் வண்டி ஓட்டுகிறார். மழைக்காலம் போக மற்ற மாதமெல்லாம் ராய்ப்பூர் பக்கம். நான் வட்டம் போட்ட நாளுக்கு ரயிலேறி வருவார், நாலு நாள் இருப்பார், போய்விடுவார். சாம்பார் இன்றும் வெறும் மஞ்சள் தண்ணீர்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். அப்பாவோடு அக்கா வீட்டுக்கு, திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் அவர்கள் ஊருக்குப் போனேன். பாவாயி அத்தை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“வாம்முணி. நர்சுக்குப் படிக்கறயே, உங்கக்காளுக்கு ஒரு வழி பண்ணப்படாதா?”

“பண்ணிட்டுத்தான் இருக்கறனுங் அத்தை.”

“என்னத்தப் பண்ணுன? இவனைப் பாரு, பொங்கலுக்கு வாடான்னா வரலையாம், இருவதாந்தேதி வர்றானாமா. ஊரே கூடியிருக்கற நாளை உட்டுப்போட்டு அன்னிக்கு வந்து என்ன பண்ணப் போறான்?”

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு உள்ளூரச் சிரிப்பு. உள்ளே போய் பீரோவைத் திறந்தேன். கதவின் உள்பக்கம் போன வருடம் நான் ஒட்டிய காலண்டர். ஒவ்வொரு மாதத்திலும் மூன்று சிவப்பு வட்டம். புது வருடத்துக்கும் அக்கா வாங்கி ஒட்டி வைத்திருந்தாள். ஜனவரிக்கு என் கையாலேயே வட்டம் போட்டேன். அக்கா இளைத்திருக்கிறாள். கழுத்தெலும்பு தெரிகிறது. கேட்டால் பொங்கல் வேலை என்கிறாள்.

ஜனவரி 20, திங்கள்

மாமா நேற்றே வந்துவிட்டாராம். நல்லது.

என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று படிவங்களை எண்ணும் வேலையை மேடம் என்னிடமும் என் அறைத்தோழி நஸ்ரினிடமும் கொடுத்துவிட்டார். அவள் வாசிக்க, நான் கோடு போட வேண்டும். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. கருமுட்டை பத்து நாள் உயிரோடு இருக்கும் என்று ஒருத்தி எழுதியிருக்கிறாள். ஒரு நாள்கூடத் தாங்காத ஒன்றுக்குப் பத்து நாள் ஆயுள் கொடுத்த மகராசி. குழந்தை இல்லாத தம்பதியில் யாரைப் பரிசோதிக்க வேண்டும் என்ற கேள்விக்கு நாற்பத்தொரு பேர், முதலில் மனைவியை என்று எழுதியிருக்கிறார்கள். ‘இருவரையும்’ என்று எழுதிய பத்தொன்பது பேரில் நானும் உண்டு.

“நீ சரியாத்தான்டி எழுதிருக்கே. உங்க மாமாவுக்கு டெஸ்ட் எடுத்தாச்சா?” என்றாள் நஸ்ரின்.

“அவரு ஊருலயே இருக்கறதில்லடி” என்றேன். அது பதில் இல்லை என்று அவள் முகமே சொன்னது. நான் அடுத்த படிவத்தை எடுத்தேன்.

ஜனவரி 22, புதன்

மேடம் இன்று சரியான விடைகளைக் கரும்பலகையில் எழுதினார். பதினோராவது கேள்விக்கு இருபத்திரண்டாம் நாள் என்று போட்டார்.

நான் எழுந்துவிட்டேன். “மேடம், புக்குல பதினாலுன்னுதானே இருக்கு?”

“எந்தப் பொம்பளைக்கு?”

“எல்லாருக்கும்.”

“எல்லாருக்குமா? அந்தப் படத்துக்கு மேல என்ன எழுதியிருக்கு, வாசி.”

புத்தகத்தைப் புரட்டி வாசித்தேன். ‘இருபத்தெட்டு நாள் சுழற்சி.’

“ஆங். கேட்டியா மக்களே, பின்னாடி இருக்கிற பதினாலு நாள்தான் பெரும்பாலும் மாறாது. அடுத்த மாசவிலக்குல இருந்து பதினாலைப் பின்னால எண்ணணும். இருபத்தெட்டுக்காரிக்குப் பதினாலு வரும். முப்பத்தாறுக்காரிக்கு இருபத்திரண்டு. அதுவும் உத்தேசந்தான், அதை நம்பிக் கண்ணை மூடாதீங்க. அறுபது பேர்ல ஐம்பத்திரண்டு பேரு பதினாலுன்னு எழுதியிருக்கீங்க. நாளைக்கு ஒரு பொம்பளை வந்து கேட்டா முதல்ல என்ன கேப்பீங்க? உனக்கு எத்தனை நாளுக்கு ஒருக்க வரும்னு கேக்காண்டாமா?”

பிறகு ஒரு படிவத்தை எடுத்து உரக்க வாசித்தார். பதினோராவதில் பதினாலு, கடைசியில் அக்காவுக்கு இரண்டு வருடமாக நாள் குறித்துக் கொடுக்கும் கதை. வகுப்பு கொல்லென்று சிரித்தது. “இந்தப் புண்ணியவதி யாருன்னு எனக்குத் தெரியாண்டாம். அந்த அக்காவை நினைச்சாத்தான் பாவமா இருக்கு” என்றார் மேடம்.

37 யாரோ ஒரு முந்திரிக்கொட்டை. நானும் சிரித்தேன்.

ஜனவரி 23, வியாழன்

காலை ஏழு மணிக்கு அக்காவின் மெசேஜ். ‘மாமா ஈரோட்ல ரயிலேறிட்டாரு.’

ஜனவரி 25, சனி

வெள்ளை யூனிபார்மை மூன்று தடவை துவைத்தேன். நீலம் தூக்கலாகிவிட்டது என்று மறுபடி அலசினேன். தண்ணீரை வீணாக்குகிறேன் என்று வார்டன் கத்தினார்.

எதற்கும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். டிசம்பர் 3லிருந்து ஜனவரி 8, முப்பத்தாறு நாள். அதற்கு முன் அக்டோபர் 28லிருந்து டிசம்பர் 3, முப்பத்தாறு. பழைய மெசேஜெல்லாம் போனில் அப்படியே இருக்கிறது. எட்டு நாள் தள்ளிப்போகவே இல்லை. அது அவளுக்கு வழக்கம்.

ஆக, வாய்ப்புள்ள நாட்கள் இன்றிலிருந்து 30 வரை. மாமா நாக்பூரைத் தாண்டியிருப்பார்.

ஜனவரி 26, ஞாயிறு

இப்போது சொன்னால் என்ன லாபம்? அவர் அங்கே போய்ச் சேர்ந்தாயிற்று. முதலாளி உடனே மறுபடி விடமாட்டார். அக்கா மனம் நோகும், அவ்வளவுதான் மிச்சம். அடுத்த மாதத்துக்குச் சரியான தேதியாகக் கொடுத்துவிட்டால் போகிறது. ஏன் மாற்றினாய் என்று கேட்டால் புது முறை வந்திருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம்.

கொடியேற்றத்துக்கு லட்டு கொடுத்தார்கள். பிடிக்கவில்லை, நஸ்ரினிடம் கொடுத்துவிட்டேன்.

ஜனவரி 28, செவ்வாய்

நேற்று எழுதியதை... இல்லை, ஞாயிறு எழுதியதைப் படித்தேன். புது முறையாம். சீ.

22ஆம் தேதி மத்தியானம் வகுப்பு முடிந்தபோது மணி ஒன்று. மாமா மறுநாள் காலைதான் கிளம்பினார். என் கையில் போன் இருந்தது. சார்ஜும் இருந்தது. நான் நூலகத்துக்குப் போய், ஒரு தப்பும் இல்லாத நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு அழகாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

37 நான்தான். இதை எழுத ஆறு நாள் ஆயிற்று.

பிப்ரவரி 2, ஞாயிறு

அம்மா போன். பேச்சு 16ஆம் தேதி ஞாயிறு காலை, அக்கா வீட்டில் வைத்து. மாமாவையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா துணிமணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டாளாம்.

“எதுக்கும்மா அதுக்குள்ள எடுத்து வெக்கறா?”

“அவகிட்ட எதுத்துப் பேசற தெம்பே இல்ல கண்ணு. ஒருவேளை என்ற ஒடம்புலதான் கொறையோ என்னமோம்மாங்கறா.”

அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தேன். வார்டனைச் சாக்கு வைத்துப் போனை வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

படிவத்தில் இன்னொரு கேள்வி உண்டு. அதைப் பற்றி இதுவரை எழுதவில்லை. ‘கருத்தரிக்க விரும்பும் தம்பதி மற்ற நாட்களில் விலகியிருந்து சக்தியைச் சேர்த்து வைக்க வேண்டும். சரியா, தவறா?’ சரி என்று நான் எழுதியிருந்தேன். தவறு. விலகியிருக்கத் தேவையே இல்லை, இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை சேர்ந்திருந்தாலே போதும், தேதி பார்க்கும் தலைவலியே வேண்டாம் என்று மேடம் இன்று மறுபடி விரிவாக விளக்கினார்.

அக்காவுக்கு அந்த விதியையும் நான்தான் போட்டுக் கொடுத்தேன். மழைக்காலத்தில் மாமா மூன்று மாதம் வீட்டில் இருப்பாரே, அப்போதும் வட்டத்துக்கு வெளியே வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அவள் ஒரு தடவை தயங்கித் தயங்கி, “அவுரு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறாருடி” என்றாள். “புள்ள வேணுமா வேண்டாமாக்கா?” என்று அதட்டினேன். பத்தொன்பது வயதில், கல்யாணமாகாத கழுதை, புருஷன் பெண்டாட்டிக்குச் சட்டம் போட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். ஹாஸ்டலில் விடுமுறை. எல்லாரும் கோயிலுக்குப் போனார்கள். நான் போகவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

“தலைக்கு ஊத்திக்கிட்டேன்டி.”

முப்பத்தாறு. பிசகவே இல்லை. இந்தத் தடவை கிட் வாங்கச் சொல்லி நான் மெசேஜ் போடவில்லை. அதை அவள் கவனித்திருக்கிறாள். “நீயுங்கூட நம்பிக்கைய உட்டுட்டியாட்ட இருக்குது” என்றாள். அப்படி இல்லக்கா என்றேன். ஞாயிறு வருகிறாயா என்று கேட்டாள். வருகிறேன் என்றேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

ஜெயசீலி மேடத்தின் அறைக்குப் போய், “37 நான்தான் மேடம்” என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். 22ஆம் தேதி வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சொன்னேன். திட்டுவார், அழுது தீர்த்துவிடலாம் என்றுதான் போனேன். அவர் பேனாவைக் கீழே வைக்கவே இல்லை.

“எங்கிட்ட எதுக்குட்டி சொல்லுக? நானா உனக்க அக்கா?”

நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் நாற்காலியைக் காட்டினார்.

“படம் போடச் சொன்ன நாங்களும் உனக்கு இதைச் சொல்லித் தரல்ல. அதுல பாதி எங்க தப்பு. ஆனா போன் பண்ணாததுல எங்களுக்குப் பங்கு இல்ல, அது முழுசும் உனக்குத்தான். போய்ச் சொல்லு. அவளுக்குக் குறைன்னு யாரும் இன்னும் பார்க்கவே இல்ல. அவனுக்கும் பார்க்கல்ல. ரெண்டு பேரையும் ஒண்ணா ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு. அதைச் சொல்ல உனக்கு நாக்கு இருக்குல்லா?”

இருக்கிறது என்றேன். சாயங்காலம் நஸ்ரின் என் பையை அடுக்கிக் கொடுத்தாள். நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

திரும்பி வரும் பேருந்திலேயே எழுத ஆரம்பிக்கிறேன், வண்டி குலுங்குகிறது, அடுத்த பக்கம் எனக்கே புரியாமல் போகலாம்.

அக்கா வீட்டுக் கூடத்தில் பாய் விரித்திருந்தார்கள். ஒரு பக்கம் பாவாயி அத்தை, அவர் தம்பி, மாமா. எதிரே அப்பா, அம்மா. அக்கா சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். சுவரோரம் அவள் பெட்டி, கயிறு கட்டித் தயாராக இருந்தது. 

அத்தையின் தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு, இதில் யார் மேலும் கோபமில்லை, வம்சம் என்று ஒன்று இருக்கிறதல்லவா என்று ஆரம்பித்தார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார். நாற்பது வருடம் தறியில் நின்ற மனிதர், அந்த வீட்டில் குனிந்து உட்கார்ந்திருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை.

“நான் ஒண்ணு சொல்லோணும்” என்றேன்.

“பெரியவிய பேசறப்ப உனக்கென்ன அம்முணி?” என்றார் அத்தை.

“தப்பு எம்மேலதானுங் அத்தை.”

சொல்லிவிட்டேன். கல்யாணமாகாத பெண், அப்பா முன்னால், எந்த நாள், எத்தனை நாள், ஏன் அந்த நாள் தப்பு என்று எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா என் முந்தானையை இழுத்தாள். நான் நிறுத்தவில்லை. அப்பா விட்டத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அக்காவுக்குக் குறை என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, யாரும் அவளைப் பார்க்கவே இல்லை, வாய்ப்புள்ள நாளெல்லாம் மாமாவை ரயிலேற்றி அனுப்பி வைத்தது நான் போட்ட வட்டம்தான் என்றேன்.

 அத்தைக்குத்தான் முதலில் வாய் வந்தது.

“அப்ப பொங்கலுக்கு இவன் வராதது?”

“நான்தான் வரவேண்டாம்னு சொல்லச் சொன்னனுங்.”

“அடி பாவி! படிச்ச புள்ள, படிச்ச புள்ளைன்னு தலையில தூக்கி வெச்சு ஆடுனீங்களே, இதுக்குத்தானா?” அத்தை என் அம்மாவைப் பார்த்துக் கத்தினார்.  

மாமா இவ்வளவு நேரமும் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார். “இருவது தடவ வந்திருப்பேன்” என்றார் மெதுவாக. “கக்கூஸ் பக்கத்துல நின்னுட்டெல்லாம் வந்திருக்கறேன்.” பிறகு நிமிர்ந்து என்னைக் கேட்டார். “எனக்கும் டெஸ்ட் எடுக்கோணுமா?”

“எடுக்கோணுங் மாமா. ரெண்டு பேருக்கும்.”

“ஆம்பளைக்கு எதுக்குடா டெஸ்ட்டு? மானத்த வாங்காதே” என்றார் அத்தை.

“சும்மா இரும்மா. போர் போட்டுத் தண்ணி வல்லைன்னா மண்ண மட்டுமா திட்டறோம்? தொளைக்கற பிட்டு தேஞ்சு கெடக்குதான்னு தூக்கிப் பாக்கறமல்ல?”

அவர் வெகுளியாகத்தான் சொன்னார். அத்தையின் தம்பிக்கு இருமல் வந்துவிட்டது. அப்பா விட்டத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. வேறொரு நாளாக இருந்தால் நான் விழுந்து புரண்டு சிரித்திருப்பேன்.

அப்போதுதான் அக்கா சமையலறை வாசற்படியில் நிற்பதைப் பார்த்தேன். கையில் டீத் தட்டு. எவ்வளவு நேரமாக நின்றாளோ, டீயில் ஆடை கட்டியிருந்தது. தட்டைத் தரையில் வைத்தாள்.

“எப்பத் தெரியும் உனக்கு?”

அதைத்தான் நான் சொல்லாமல் விட்டிருந்தேன். பொய் சொல்லியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது.

“ஜனவரி இருபத்திரண்டு. மத்தியானம்.”

அவள் விரல்விட்டு எண்ணினாள். நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, கட்டைவிரலால் ஒவ்வொரு கணுவையும் தொட்டு.

“அன்னிக்கு அவுரு இங்கதான இருந்தாரு?”

“ஆமாக்கா.”

“மறுநா காத்தாலதான கெளம்புனாரு?”

“ஆமா.”

“ஒரு போன்டி” என்றாள். “ஒரே ஒரு போன்.”

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். உள்ளே போனாள். பீரோ கதவு திறக்கும் சத்தம், பேப்பர் கிழியும் சத்தம். திரும்பி வந்து காலண்டரை என் மடியில் போட்டாள்.

“எனக்கு வயசுக்கு வந்ததுல இருந்து முப்பத்தாறுதான். நீ ஒருக்காக்கூட கேக்கவே இல்லியே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?”

பெட்டியின் கயிற்றை அவிழ்க்க உட்கார்ந்தாள். முடிச்சு இறுகியிருந்தது. மாமா எழுந்து போய் அவளோடு சேர்ந்து அவிழ்த்தார். அத்தை, “என்னமோ பண்ணுங்க, என்ற பேச்ச யாரு கேக்கறா” என்று முந்தானையை உதறிக்கொண்டு வாசலுக்குப் போனார். பேச்சு அதோடு முடிந்துவிட்டது. அக்கா என்னிடம் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கிளம்பும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிப்ரவரி 19, புதன்

அக்காவுக்கு மெசேஜ் போட்டேன். பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

பிப்ரவரி 24, திங்கள்

அம்மா மூலம் தெரிந்தது. இருவரும் ஈரோட்டுக்குப் போய் டாக்டரைப் பார்த்திருக்கிறார்கள். மாமா மூன்று மாதம் உள்ளூர் வண்டிக்கு மாறிக்கொண்டாராம். அக்காவிடம் இருந்து இன்றும் ஒன்றும் இல்லை. கொசுவலையில் ஓட்டை, தைக்க வேண்டும்.

மார்ச் 3, திங்கள்

மேடத்தின் ஆராய்ச்சி அறிக்கையை நானே சுத்தப் பிரதி எடுத்தேன். ‘பதினோராவது கேள்விக்கு ஐம்பத்திரண்டு பேர் தவறாக விடையளித்தனர்.’ ஒரு வரி. படிக்கிறவர்கள் அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள்.

மார்ச் 13, வியாழன்

இந்த வாரம் எனக்கு மகப்பேறு வெளிநோயாளிப் பிரிவில் வேலை. எடை பார்க்கிற இடத்தில் ஒரு பெண், மூன்று வருடமாகக் குழந்தை இல்லை, டாக்டரைப் பார்க்கும் முன் என்னை ஓரமாக இழுத்து, “சிஸ்டர், எந்த நாளு நல்ல நாளுங்க?” என்றாள். பதினாலு என்பது நாக்கு நுனி வரை வந்தது, இத்தனைக்குப் பிறகும்! விழுங்கிக்கொண்டு, “உங்களுக்கு எத்தனை நாளைக்கு ஒருதடவை வரும்?” என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. இதுவரை யாரும் கேட்டதில்லையாம். எழுதி வைக்கச் சொன்னேன், வீட்டுக்காரரையும் கூட்டி வரச் சொன்னேன். முகத்தைச் சுளித்தாள். மறுபடியும் சொன்னேன்.

மத்தியானச் சாப்பாட்டு வரிசையில் போன் அடித்தது. அக்கா. தட்டை நஸ்ரினிடம் கொடுத்துவிட்டு வெளியே ஓடினேன்.

“ரிப்போர்ட் வந்துருச்சு” என்றாள், எடுத்த எடுப்பில். “எனக்கு ஒண்ணுமில்லியாம். அவுருக்குத்தான் கொஞ்சம் கம்மி. மாத்திரை குடுத்திருக்காங்க, பொகையிலைய உடச் சொல்லிருக்காங்க. இப்பக் கிராம்ப மென்னுட்டுத் திரியறாரு.”

“அத்தை?”

“அவிய மூணு நாளா எங்கிட்டப் பேசறதில்ல. அவிய பையனுக்குக் கொறைன்னு சொல்லிட்டாங்களாமா. டாக்டருக்கு என்ன தெரியும்ங்கறாங்க.” சிரிப்பா பெருமூச்சா என்று தெரியவில்லை. பிறகு குரல் மாறியது. “இன்னிக்கு இருவத்தொம்பதாவது நாளு.”

“தெரியும்க்கா.”

“இந்நேரத்துக்கு மூணு மெசேஜ் போட்டிருப்பயே. கிட்டு வாங்கு, வாங்குன்னு.”

“உனக்கு முப்பத்தாறுக்கா. இன்னும் ஒரு வாரம் இருக்குது. அதுக்கு முன்னால எதுக்கு?”

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. ஒன்று, இரண்டு. அவள் அடுப்பை அணைக்கவில்லை.

“எம்மேல இன்னும் கோவமாக்கா?”

“ஆமா” என்றாள். “நெறைய.” மூன்றாவது விசிலுக்கு அடுப்பை அணைத்த பிறகு, “ஆனா என்ற நாள ஞாபகம் வெச்சிருக்கியே” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அறைக்கு வந்து இந்த நோட்டின் பின்னட்டையில் இருக்கும் காலண்டரைப் பார்த்தேன். முப்பத்தாறு முடிவது மார்ச் 21, வெள்ளி. பழக்கதோஷம், கை தானாகவே சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டது. மூடி வைத்துவிட்டேன். அவள் நாள். எதுவாக இருந்தாலும் அவளே சொல்லட்டும்.